பாதிப் பாக்கு

பானுமதி தன் உத்தியோகத்தில் செய்த பெரிய தப்பு ஒரே ஒரு வரி நீளம். அந்த வரியில் பொய்யும் கிடையாது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் தில்லியிலிருந்து எல்லா மாநிலங்களுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் ஒரு படிவம் வந்தது. எந்தப் பயிர் எந்த மாதத்தில் சந்தைக்கு வருகிறது என்று நிரப்ப வேண்டும். போர்ட் பிளேர் வேளாண்மை அலுவலகத்தின் புள்ளிவிவரப் பிரிவில் அது பானுமதியின் மேஜைக்கு வந்து சேர்ந்தது. வாழை, வெண்டை, நெல், இஞ்சி என்று வரிசையாக அடித்துக்கொண்டே போனவள், பாக்குக்கு நேரே ‘டிசம்பர் முதல் மார்ச் வரை’ என்று அடித்தாள். மரத்திலிருந்து குலை இறங்கும் மாதங்கள் அவை. மற்ற பயிர்களுக்கெல்லாம் பறித்த வாரமே சந்தை என்பதால், பாக்குக்கும் கை அதே ஓட்டத்தில் அடித்துவிட்டது. வீட்டுக்குப் போகிற டாலிகஞ்ச் பஸ்ஸுக்கு வேறு நேரமாகிக்கொண்டிருந்தது.

தீவில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. கவனிக்க என்ன இருக்கிறது? வெயில் காலத்தில் வெட்டிய பாக்கை மழைக் காலத்தில்தான் விற்பார்கள் என்பது இங்கே பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்ததை யார் எழுதி வைப்பார்கள்?

அந்த வரி தில்லிக்குப் போனது, அச்சாகி இணையதளத்தில் ஏறியது, ஆறு வருஷம் அங்கேயே சும்மா கிடந்தது. செப்டம்பர் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அது திரும்பி வந்தது.

தொலைபேசியில் பேசியவர் விஜயலட்சுமி. கோயம்புத்தூர்க்காரர். தில்லியில், வேளாண் பொருள்களுக்கான வர்த்தகப் பேச்சுவார்த்தைக் குழுவில் அதிகாரி. கிழக்கே ஒரு நாட்டோடு ஒப்பந்தம் பேசி முடிக்கும் கட்டத்தில் இருந்தார்கள். அவர் பொறுமையாக எடுத்துச் சொல்லச் சொல்ல, பானுமதி ஒரு தாளில் மூன்று கட்டங்கள் வரைந்துகொண்டாள். இப்படிப்பட்ட ஒப்பந்தத்தில் ஒவ்வொரு நாடும் தன் பொருள்களை மூன்று கூடைகளாகப் பிரித்துக்கொள்ளும். இறக்குமதி வரியை உடனே எடுத்துவிடலாம் என்பவை முதல் கூடை. வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம் என்பவை இரண்டாவது. உள்ளூர் விவசாயி தாங்கமாட்டான், ஆகவே தொடக்கூடாது என்பவை மூன்றாவது. அதற்கு விலக்குப் பட்டியல் என்று பெயர். பாக்கு நம்முடைய மூன்றாவது கூடையில் இருந்தது.

எதிர்த்தரப்பு அதைக் கூடையிலிருந்து எடுக்கச் சொல்லவில்லை. கூடையில் ஒரு சின்ன ஓட்டை மட்டும் கேட்டது. ஜூலையிலிருந்து அக்டோபர் வரை, நான்கே மாதம், குறிப்பிட்ட டன் அளவு, சென்னைத் துறைமுகத்தில் மட்டும் வரியில்லாமல் இறக்குவோம். அந்தத் துறைமுகத்துக்கு வருகிற இந்தியப் பாக்கு அந்தமான் பாக்கு. அது மார்ச்சோடு முடிந்துவிடுகிறது. காலியாக இருக்கும் சந்தையில் எங்கள் பாக்கு வந்தால் உங்களில் யாருக்கு நஷ்டம்? இதற்கு ஈடாக உங்கள் வெங்காயத்துக்கு எங்கள் ஊரில் வரியைக் குறைக்கிறோம். இதுதான் அவர்களுடைய வாதம். ஆதாரமாக ஓர் அட்டவணையை இணைத்திருந்தார்கள். இந்திய அரசே வெளியிட்ட அட்டவணை.

“அந்தமான், பாக்கு, டிசம்பர் டு மார்ச். இது சரிதானுங்களே? எங்க டீம்ல பாதிப் பேரு ஒத்துக்கலாம்னு சொல்லிட்டாங்க. வெங்காயம் கெடைக்குதே. எனக்குத்தான் ஒரு தடவை உங்களைக் கேட்டுடலாம்னு தோணுச்சு” என்றார் விஜயலட்சுமி.

பானுமதிக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. ஜன்னலுக்கு வெளியே மழை. எதிர்ச் சாலையில் ஒரு டெம்போ, தார்ப்பாய்க்கு அடியில் பாக்கு மூட்டைகளோடு துறைமுகத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

“குலை வெட்டுறது சரி மேடம். ஆனா பிக்ரி, அதான் விற்பனை, ஆகுறது பாரிஷ்ல, மழையிலதான். ஜூலையில ஆரம்பிச்சா அக்டோபர். அவங்க கேக்குற அதே நாலு மாசம்.” அவள் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள். “அந்த டேபிள் நான் போட்டது. தப்பு என்னோடது.”

விஜயலட்சுமி, திட்டாமல், ஏன் மழையில் என்று கேட்டார்.

பானுமதி சொன்னாள். பழுத்த பாக்கைத் தோலோடு வெயிலில் ஆறு, ஏழு வாரம் காயப் போடுவார்கள். காய்ந்ததற்கு அடையாளம் சத்தம். காதருகே ஆட்டினால் உள்ளே கொட்டை கடகடவென்று ஆட வேண்டும். அதற்குப் பிறகும் தோலை உரிக்க மாட்டார்கள். சுற்றிலும் கடல், காற்றிலேயே ஈரம். அந்த நார்த்தோல்தான் பாக்குக்குச் சட்டை. அதோடு இருந்தால் எத்தனை மாதமும் இருக்கும். மழை பிடித்து, தோட்டத்தில் கால் வைக்க முடியாமல் போகும்போது வீட்டுக்கு வீடு உரிக்க உட்காருவார்கள். கட்டையில் நட்ட கூர்க்கம்பியில் குத்தி ஒரு திருகு, ஒரு இழுப்பு, கொட்டை வெளியே. சட்டையைக் கழற்றிய பாக்கு இந்த ஈரத்தில் காத்திருக்காது, இரண்டே வாரத்தில் பூஞ்சை பிடித்துவிடும். ஆகவே உரித்த கையோடு மூட்டை, மூட்டையோடு கப்பல். மழை உரிப்பைத் தீர்மானிக்கிறது, உரிப்பு விற்பனையைத் தீர்மானிக்கிறது. எதிர்த்தரப்பு கேட்ட அளவோ தீவுகள் எல்லாவற்றிலும் சேர்த்து விளைவதைவிட அதிகம். அது அதே மாதங்களில் அதே துறைமுகத்தில் இறங்கினால் தீவுப் பாக்கை வாங்க ஆள் இருக்காது. திருப்பி எடுத்து வந்து வைக்கவும் முடியாது.

“எனக்கு நம்பிக்கை வந்துருச்சுங்க. ஆனா செவ்வாய்க்கிழமை பேச்சுவார்த்தையில எதிர்ல உக்கார்றவருக்கு என் நம்பிக்கை எதுக்கு? ஆறு வருஷமா ஒண்ணு சொன்னீங்க, நாங்க கேட்டதும் மாத்திச் சொல்றீங்கன்னுவாரு. புது லெட்டர் வேண்டாம். பழைய சாட்சி வேணும். இதுக்காகன்னு யாரும் செஞ்சதா இருக்கக் கூடாது” என்றார் விஜயலட்சுமி.

அன்று முழுக்க பானுமதி தேடினாள். கப்பல் பதிவுகளில் பாக்கு தனியாக இல்லை. தேங்காயோடும் பழைய இரும்போடும் சேர்ந்து ‘பொதுச் சரக்கு’ என்று கிடந்தது. அலுவலகத்தின் மற்ற அறிக்கைகள் எல்லாம் அவளுடைய அட்டவணையைப் பார்த்தே எழுதப்பட்டவை. எந்தக் கோப்பைத் திறந்தாலும் டிசம்பர் முதல் மார்ச் வரை என்று அவள் அடித்த வரியே அவளைப் பார்த்து முழித்தது.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியவள் வீட்டுக்குப் போகாமல் பின் தெருவில் ஹசீனாவின் குடோனுக்குப் போனாள். ஹசீனாவின் குடும்பம் இராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து இங்கே மூன்று தலைமுறையாகப் பாக்கு வியாபாரம். இப்போது கடையை ஹசீனாவின் புருஷன் ஷாநவாஸ் பார்த்துக்கொள்கிறார்; பாக்கைப் பார்ப்பது ஹசீனா. கண்ணை மூடிக்கொண்டு ஒரு கைப்பிடி அள்ளினாலே எந்தத் தீவு, எத்தனை நாள் வெயில் என்று சொல்லிவிடுவாள்.

நடந்ததைக் கேட்டுவிட்டு ஹசீனா முதலில் சிரித்தாள். “ஆபீஸ்ல ஃபேனுக்கடியில உக்காந்து எழுதுனா இப்புடித்தான் பானு. ஜூலை மாசம் வந்து இந்தச் சந்துல நடந்து பாத்திருந்தா, உரிச்ச தோலுல கால் பொதைஞ்சிருக்கும்.”

“நடந்துதான்க்கா போறேன் தெனமும். அதுதான் வெக்கமா இருக்கு.”

ஹசீனா சிரிப்பை நிறுத்தினாள். பழைய சாட்சி என்றால் எப்படிப்பட்டது என்று இரண்டாவது தடவை சொல்லச் சொன்னாள். பிறகு எழுந்து குடோனின் பின்னறைக் கதவைத் திறந்து விளக்கைப் போட்டாள்.

கூரையின் குறுக்குக் கம்பியிலிருந்து நரம்புகள் தொங்கின. மீன் பிடிக்கிற நைலான் நரம்பு. ஒவ்வொன்றிலும் பாதியாக வெட்டிய பாக்குகள் நெருக்கமாகக் கோத்திருந்தன. ஒவ்வொரு பாதிக்கும் ஒரு சின்ன அலுமினியத் தகடு, அதில் ஆணியால் தட்டிய தேதி, ஊர், எண். பன்னிரண்டு வருஷத்து நரம்புகள்.

இதன் கதை பானுமதிக்கு அரைகுறையாகத் தெரியும். இப்போதுதான் முழுதாகக் கேட்டாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் சென்னையில் அவர்களிடம் வாங்குகிற நல்லதம்பி, வந்த மூட்டையில் இருப்பது வெளிநாட்டுப் பாக்கு என்று சண்டைக்கு வந்தார். வழியில் எங்கோ யாரோ மாற்றியிருக்கிறார்கள். நான் அனுப்பியது இது இல்லை என்று ஹசீனா எப்படி நிரூபிப்பாள்? ஒரு மாதம் போனில் கத்திக்கொண்ட பிறகு அவளுக்கு இந்த வழி தோன்றியது. மூட்டை கட்டும்போது கண்ணை மூடிக்கொண்டு உள்ளிருந்து ஒரு பாக்கை எடுப்பாள். பாக்குவெட்டியில் ஒரே வெட்டு. ஒரு பாதி, பூஞ்சை பிடிக்காமலிருக்க அடுப்புக்கு மேல் நன்றாக வாட்டி, இங்கே நரம்பில் ஏறும். மறு பாதி, அதே எண்ணோடு துணியில் முடிந்து மூட்டை வாயில் போகும். சென்னையில் அதை எடுத்து வைத்துக்கொண்டு, சந்தேகம் வந்தால் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம்.

ஏன் பாக்கு என்றால், அதன் உட்புறம் அப்படி. வெள்ளையும் பழுப்புமாக ஓடுகிற அந்த வரிகள் ஒரு பாக்கில் இருப்பதுபோல் இன்னொன்றில் இருக்காது. முத்திரையைப் போலி செய்யலாம், கையெழுத்தையும் செய்யலாம். வெட்டின பாக்குக்கு அதன் மறு பாதியைத் தவிர வேறு ஜோடி கிடையாது.

“நல்லதம்பி அண்ணன் மறு பாதிய வச்சிருப்பாரா?”

“அவரா? கல்யாணப் பத்திரிகையக் கூடத் தூக்கிப் போட மாட்டாரு. பிஸ்கட் டின்னுல அடுக்கி வச்சிருக்காரு. எடம் அடைக்குதுன்னு வருஷா வருஷம் எங்கிட்ட பொலம்பல் வேற.”

பானுமதி நரம்புகளை வருஷ வாரியாகப் பார்த்தாள். ஒவ்வொரு வருஷத்துக்கும் பன்னிரண்டு, மாதத்துக்கு ஒன்று. ஜனவரி நரம்பில் நாலைந்து பாதிகள், ஒரு சாண் நீளம். பிப்ரவரியும் அப்படியே. ஜூலை நரம்பு இடுப்புக்கு வந்தது. ஆகஸ்டும் செப்டம்பரும் தரையைத் தொட்டு மடிந்து கிடந்தன. எதையும் படிக்கவே வேண்டாம். கதவருகே நின்று பார்த்தாலே மழை எந்த மாதம் என்று தெரிந்தது.

பானுமதி அன்றிரவே போனில் சொல்ல, சனிக்கிழமை மதிய விமானத்தில் விஜயலட்சுமி நேராக வந்துவிட்டார். மழைக்கோட்டோடு குடோனுக்குள் நுழைந்தவரைச் சுற்றி உரித்த பாக்கு, எடைபோடும் பாக்கு, கட்டுகிற மூட்டை. அவருடைய குழுவின் தாளில் ‘விற்பனை இல்லாத மாதம்’ என்று இருந்த மாதம் அது. அவர் ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். ஷாநவாஸ் தேநீர் கொண்டுவந்து கொடுத்து, காலியாக இருக்கிற சந்தை எப்படி இருக்கிறது மேடம் என்று பணிவாகக் கேட்டார். ஹசீனா அவரை முறைத்தாள். விஜயலட்சுமிதான் முதலில் சிரித்தவர்.

நரம்புகளைப் பார்த்ததும் அவர் எழுந்து நின்றுவிட்டார். அவற்றில் மிகப் பழைய நாலு வருஷத்தவற்றை வண்டு துளைத்திருந்தது. மீதி எட்டு வருஷத்தை எடுத்துக்கொள்வதென்று முடிவானது. ஹசீனா ஒரே ஒரு நிபந்தனை சொன்னாள். இவை இங்கிருந்து முத்திரை வைத்துப் போகட்டும். நல்லதம்பியின் டின்கள் சென்னையிலிருந்து தனியாக முத்திரை வைத்துப் போகட்டும். இரண்டும் அந்த மேஜையில்தான் முதல் தடவையாகச் சந்திக்க வேண்டும்.

“சேரலேன்னா?” என்று கேட்டார் விஜயலட்சுமி.

“என் சுபாரி மேடம் அது, என் பாக்கு. சேரும்.”

ஹசீனாவின் குரலில் சவால் இல்லை. கிழக்கில் சூரியன் உதிக்கும் என்று சொல்வதுபோல் சொன்னாள். பானுமதிக்கு அந்த நிதானத்தைப் பார்த்துப் பெருமையாகவும், தான் அடித்த வரியை நினைத்துக் கூச்சமாகவும் இருந்தது. அன்று ராத்திரியே, அட்டவணை தன்னுடையது, அதில் பறிப்பு மாதமும் விற்பனை மாதமும் குழம்பிவிட்டன என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு விஜயலட்சுமியிடம் கொடுத்தாள். அவளுடைய மேலதிகாரி, இதை இலாகா எழுதியதாகப் போட்டுவிடலாமே, பெயர் எதற்கு என்று கேட்டார். நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். பானுமதி பெயரை எடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம், போர்ட் பிளேர் அலுவலகத்தின் காணொளி அறையில் பானுமதியும் ஹசீனாவும் உட்கார்ந்தார்கள். சந்தேகம் கேட்டால் பதில் சொல்ல மட்டும் இவர்களுக்கு அனுமதி. திரையில் தில்லியின் நீண்ட மேஜை. ஒரு பக்கம் நம் ஆட்கள், மறு பக்கம் அவர்கள். நடுவில் ஒரு கம்பி நிறுத்தத்தில் எட்டு வருஷத்து நரம்புகள். பக்கத்தில் சீல் உடைக்காத பிஸ்கட் டின்கள். எதிர்த்தரப்புத் தலைவர் நரைத்த தலை, ஒல்லியான மனிதர். அவருடைய ஆங்கிலம் மெதுவாகவும் தெளிவாகவும் இருந்தது.

அவர் பானுமதியின் அட்டவணையை ஒரு கையிலும், அவள் எழுதிய பக்கத்தை மறு கையிலும் தூக்கிக் காட்டினார். இரண்டையும் எழுதியது ஒரே ஆள். இதில் எதை நான் நம்ப வேண்டும் என்று கேட்டார்.

தில்லி அறையில் இருந்த எல்லா முகங்களும் திரைக்குத் திரும்பின. பானுமதி ஆங்கிலத்தில்தான் பதில் சொன்னாள். வாக்கியத்தை மனசுக்குள் தமிழில் கட்டிக்கொண்டாள். ரெண்டு பேப்பரையும் நம்ப வேண்டாம், பாக்கை நம்புங்கள். இந்த இரண்டையும் நான் எழுதுவதற்கு முன்பிருந்தே அது பாதியாக வெட்டுப்பட்டு நரம்பில் தொங்குகிறது.

அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். நரம்புகளுக்கு அருகே போனார். தரையில் மடிந்து கிடந்தவற்றின் மேல் எழுதியிருந்த மாதங்களை ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு தன் கையாலேயே பத்துப் பாதிகளை, வேண்டுமென்றே வெவ்வேறு வருஷங்களிலிருந்து கழற்றினார். டின்களை உடைக்கச் சொல்லி, எண் பார்த்து மறு பாதிகளைத் தேடி எடுக்கச் சொன்னார்.

முதல் ஜோடி சேர்ந்தது. பழுப்பு வரி ஒரு பாதியில் எங்கே முடிந்ததோ மறு பாதியில் அங்கே தொடங்கியது. இரண்டாவதும் சேர்ந்தது. ஒவ்வொன்றும் சேரும்போது ஹசீனா தலையை லேசாக அசைத்தாள், எடை சரி என்பதுபோல. ஒன்பது சேர்ந்தன.

பத்தாவதுக்கு டின்னில் ஜோடி இல்லை.

எதிர்த்தரப்பில் ஒருவர் பேனாவை எடுத்தார். விஜயலட்சுமி திரையைப் பார்த்தார். ஹசீனா தகட்டின் எண்ணைக் கேட்டாள். வாசித்தார்கள்.

“நாலு வருஷத்துக்கு முந்தி, ஆகஸ்டு. மாயாபந்தர் பாக்கு” என்றாள் ஹசீனா தமிழில், பானுமதியைப் பார்த்து. “அந்த மூட்டை அங்க போய்ச் சேரல. கப்பல் அடித்தட்டுல தண்ணி ஏறி நனைஞ்சு போச்சு. கடல்ல கொட்டிட்டாங்க. அண்ணன் அதுக்கும் என்னமாச்சும் வச்சிருப்பாரு, டின்னுல அடியில பாக்கச் சொல்லு.”

பானுமதி மொழிபெயர்த்தாள். விஜயலட்சுமி அந்த வருஷத்து டின்னை மேஜையில் கவிழ்த்தார். பாக்குப் பாதிகளோடு நாலாக மடித்த ஒரு துண்டுக் காகிதம் விழுந்தது. அதே எண். அதற்குக் கீழே நல்லதம்பியின் கையெழுத்தில், மங்கிப்போன மையில்: ‘வரவில்லை. நனைந்தது.’ தேதி ஆகஸ்டு இருபத்தொன்பது.

விஜயலட்சுமி அதை ஆங்கிலத்தில் படித்துச் சொன்னார். எதிர்த்தரப்புத் தலைவர் அந்தத் துண்டை வாங்கிப் பார்த்தார். படிக்கத் தெரியாத எழுத்தை வெகுநேரம் பார்த்தார். ஒன்பது ஜோடிகள் சேர்ந்தபோது அவர் முகத்தில் வராத மாற்றம் அப்போது வந்தது. ஜோடி சேர்கிற சாட்சியை ஒருவன் கெட்டிக்காரத்தனமாகத் தயாரித்துவிடலாம் என்று அவர் நினைத்திருக்கலாம். கடலில் கொட்டிய ஒரு மூட்டைக்காக ஆகஸ்டு மாதத்தில் ஒருவன் இப்படி எழுதி வைப்பதைத் தயாரிக்க முடியாது.

அவர் உட்கார்ந்தார். தன் பக்கத்து ஆட்களோடு தாழ்ந்த குரலில் பேசினார். பிறகு, அப்படியானால் உங்கள் தீவுக்காரர்களுக்கு நஷ்டமில்லாத மாதம் எது என்று கேட்டார்.

அது உண்மையான கேள்வியாகவே இருந்ததால் பானுமதியும் உண்மையாகவே சொன்னாள். வெயிலில் காய்கிறது, தோலில் காத்திருக்கிறது, மழையில் போகிறது. வருஷம் முழுக்க அது ஒரே பாக்கு. எந்த மாதத்தை எடுத்தாலும் அந்த வரிசையில் ஒரு கண்ணி அறுந்துவிடும்.

புதன்கிழமை காலை விஜயலட்சுமி பேசினார். அவர்கள் கேட்ட நாலு மாத வழி மூடியாயிற்று. பாக்கு மூன்றாவது கூடையில் ஓட்டை இல்லாமல் இருக்கிறது. வெங்காயத்துக்கு வேறு எதையாவது கொடுத்துப் பாதியாவது வாங்கிவிடுவோம் என்றார். குரலில் சந்தோஷம் தெரிந்தது. பதினோரு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன், காகிதத்துக்குக் காகிதம் காட்டித்தான் பழக்கம், மேஜையில் விளைச்சலையே வைத்துப் பேசியது இதுதான் முதல் தடவை என்றார். கடைசியில் ஒரு வேண்டுகோள். அந்தப் பெரியவர் ஒரு ஜோடியை ஞாபகமாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறாராம். அவருடைய ஊரிலும் வீட்டுக்கு வீடு பாக்குத்தானாம்.

பானுமதி குடோனுக்குப் போய்ச் சொன்னாள். ஹசீனா புதிதாகக் கட்டிய மூட்டை ஒன்றின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கண்ணை மூடி, கையை உள்ளே விட்டு, ஒரு பாக்கை எடுத்தாள். பாக்குவெட்டி கடக்கென்றது.

“ஜோடியா எல்லாம் குடுக்க முடியாது. ஒரு பாதி வச்சுக்கட்டும். மறு பாதி இங்க நரம்புல இருக்கும். எப்பவாச்சும் சந்தேகம் வந்தா எடுத்துக்கிட்டு வரட்டும், சேத்துப் பாத்துக்கலாம்.”

பானுமதி அலுவலகத்துக்குத் திரும்பி அட்டவணையைத் திறந்தாள். பாக்கு வரியில் ஒரு கட்டத்தை இரண்டாகப் பிரித்தாள். பறிப்பு: டிசம்பர் முதல் மார்ச். விற்பனை: ஜூலை முதல் அக்டோபர். கீழே குறிப்பு எழுத இடம் இருந்தது. இங்கே எல்லோருக்கும் தெரிந்ததை, தெரியாத ஒருவருக்குச் சொல்வதுபோல, வெயிலிலிருந்து தொடங்கி எழுத ஆரம்பித்தாள். டாலிகஞ்ச் பஸ் போய்விட்டது.